ஆமாம் போடாத வகுப்பு

ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுக்கப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதச் சொன்னார்கள். வழக்கமாக இதை ஓய்வு பெற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. உங்களில் சிலர் என்னைவிட மூத்தவர்களாகக்கூட இருப்பீர்கள். ஆனால் ஒரு பயிற்சி நிலையம் எனக்கு ஓய்வு கொடுத்து அனுப்பியிருக்கிறது. அந்தத் தகுதி போதும் என்று நினைத்து எழுதுகிறேன்.

உச்சரிப்பு, இலக்கணம், பாடத்திட்டம் பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒரு கருத்தைச் சொல்லி, அதை எதிர்ப்பவர் முன்னால் நின்று காப்பாற்றுவதற்கு எப்படிப் பழக்குவது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மறுத்துப் பேச வராது என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாய்க்காலில் முறைத் தண்ணீர் விடும் நாளில் மடைக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். வக்கீல்கள் கற்றுக்கொள்ள வேண்டிய வாதமெல்லாம் அங்கே நடக்கும். யாரிடம் மறுக்கலாம், யாரிடம் கூடாது என்று ஒரு கணக்கு நம் எல்லோர் உடம்பிலும் ஊறியிருக்கிறது. பிள்ளைகளின் வாயை அடைப்பது அந்தக் கணக்குத்தான்.

இதை நான் வீட்டிலேயே பார்த்தவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ஒரத்தநாட்டுப் பக்கம் குத்தகை நிலத்தில் உழுதவர். நிலக்காரர் வீட்டு வாசலிலும் தாலுகா ஆபீசிலும் அவர் வாயிலிருந்து ‘சரிங்க’ தவிர வேறு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்திய பிறகுதான் அவருக்கு வாதம் வரும். அங்கே சொல்லாமல் விட்ட பதிலையெல்லாம் அடுக்கடுக்காக அம்மாவிடம் சொல்வார். அத்தனையும் அருமையான பதில்கள். “இதை அங்க சொல்றதுக்கு என்ன?” என்பாள் அம்மா. அப்பா கை கழுவப் போய்விடுவார்.

நான் வேலை பார்த்த நிலையம் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மோட்டார் பம்புக் கடைக்கு மாடியில் இருந்தது. எல்லோருக்கும் வெளிநாட்டு ஆசை பிடித்திருந்த நேரம். பாலிடெக்னிக் முடித்த பையன்கள் சிங்கப்பூருக்கும், முத்துப்பேட்டைப் பையன்கள் வளைகுடாவுக்கும், நர்சுப் படிப்புப் படித்த பெண்கள் எங்கே ஆள் எடுத்தாலும் அங்கேயும் போகத் தயாராக இருந்தார்கள். நிலையத்தை நடத்தியவரை எல்லோரும் டைரக்டர் என்போம். அதற்குமுன் அதே மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தவர். கம்ப்யூட்டர் வந்து அதைப் படுக்க வைத்துவிட்டது. உறை போட்ட மெஷின்கள் பின்னறையில் கிடந்தன. மறுபடியும் ஒருமுறை கடையைக் கட்ட நேர்ந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. அதனால்தான் அவரைக் கெட்டவர் என்று நான் எழுத மாட்டேன்.

நான் எடுத்த முதல் விவாத வகுப்பைச் சொல்கிறேன். தலைப்பு, கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா என்பது. முத்துப்பேட்டை சாகுல் எழுந்தான். நடுவருக்கு வணக்கம் சொன்னான். எதிரணிக்கு வணக்கம். கீழே பம்புக் கடைக்காரருக்குக்கூட வணக்கம் சொன்னான். பிறகு நான்கைந்து பொன்மொழிகளை எடுத்துவிட்டான். கைதட்டல் வந்தது. நேரமும் முடிந்துவிட்டது. எதிரணிப் பையன் எழுந்து, தன் சகோதரர் சாகுல் சொன்னதை முழுமையாக ஏற்றுக்கொள்வதாக ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு உட்கார்ந்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“தீர்ப்பு சார்?” என்றான் சாகுல்.

“எதுக்குத் தீர்ப்பு? நீ சொன்னதுல உனக்கே நம்பிக்கை இருக்கா?”

“எனக்கு எதுக்கு சார் நம்பிக்கை? எனக்குக் குடுத்த பக்கம் கூட்டுக் குடும்பம். நேத்து ராத்திரிகூட அப்பாகிட்ட தனியா போயிடலாம்னுதான் சொல்லிட்டிருந்தேன்.”

வகுப்பே சிரித்தது. திருவிழா மேடையில் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அங்கே பக்கம் பிரித்துக் கொடுப்பார்கள், பேசுவார்கள், கடைசியில் நடுவர் ஒரு நகைச்சுவை சொல்லி இரண்டு பக்கமும் சரி என்பார், எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவோம். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் முன்னால் போய் உட்காரும்போது நடுவர் இருக்க மாட்டார். நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்பார்கள். ஏன் அப்படி நினைக்கிறாய் என்று குடைவார்கள். எதையும் நினைத்துப் பழகாதவன் அங்கே மாட்டிக்கொள்வான்.

அப்படி மாட்டியவர்தான் ஜெசிந்தா. நன்னிலத்துப் பக்கம் சொந்த ஊர். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சு. இரவுப் பணி முடித்துவிட்டு, கண் சிவக்கச் சிவக்க நேராகக் காலை வகுப்புக்கு வருவார். அப்பா இல்லை, அம்மா கொஞ்சம் சொந்த நிலமும் கொஞ்சம் குத்தகையுமாகப் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். வளைகுடா நாட்டு மருத்துவமனை ஒன்றுக்கு ஆள் எடுக்க ஒரு ஏஜென்சி சென்னையில் நேர்காணல் நடத்தியது. ஜெசிந்தா போனார், தோற்றுத் திரும்பினார்.

“என்ன கேட்டாங்க?” என்றேன்.

“ஒரு சார், நோயாளிகிட்ட வியாதியப் பத்தி எதுவும் சொல்லக்கூடாது, பயந்துடுவாங்க, சரிதானேன்னாரு. எஸ் சார்னேன். பக்கத்துல இருந்த மேடம், எல்லாத்தையும் சொல்லிடணும், தெரிஞ்சுக்கறது அவங்க உரிமை, சரிதானேன்னாங்க. எஸ் மேடம்னேன். ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்துச் சிரிச்சுக்கிட்டாங்க சார்.”

“ரெண்டு பேரையும் சந்தோஷமா வச்சிருக்கீங்க சிஸ்டர். அதுவும் ஒரு சேவைதான்” என்றான் சாகுல்.

“நீ சும்மா இருடா, எனக்கு அழுகையா வருது.”

“சரி, உங்க கருத்து என்ன? சொல்லணுமா, கூடாதா?” என்று கேட்டேன்.

ஜெசிந்தா நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். “நீங்க சொல்லுங்க சார். அதையே மனப்பாடம் பண்ணிக்கிறேன்.”

இந்தப் பதிலை நீங்களும் கேட்பீர்கள். கேட்கும்போது பெருமையாகத்தான் இருக்கும். தயவுசெய்து அதற்கு மயங்காதீர்கள். அந்த ஏஜென்சி இன்னொரு நேர்காணல் வைத்திருந்தது. அதையும் விட்டால் ஜெசிந்தா வயது வரம்பைத் தாண்டிவிடுவார். டைரக்டர் சொன்ன வழி சுலபமானது: மாதிரிப் பதில்களை அச்சடித்துக் கொடு, உருப்போடட்டும். நான் மாட்டேன் என்றேன். அச்சடித்த பதிலுக்கு அடுத்த கேள்வி ‘ஏன்’ என்று வந்தால் அங்கேயே கதை முடிந்தது.

முதல் வேலையாக, வகுப்பறை வாசலில் தொங்கிய ‘இங்கே தமிழ் பேசக் கூடாது’ என்ற பலகையைக் கழற்றி டைப்ரைட்டர்களுக்குப் பின்னால் வைத்தேன். டைரக்டர் தன் அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

“என்ன தம்பி இது? இங்கிலீஷ் கிளாஸ்ல தமிழ விடுறது, நாத்தங்கால்ல எருமைய விடுற மாதிரி.”

“இன்னும் விதையே போடலையே சார். எருமை எதை மேயப்போவுது?”

“பேசு, நல்லாப் பேசு. அட்மிஷன் கொறஞ்சா அப்ப தெரியும்.”

எனக்குத் தெரிந்த உண்மை இதுதான். கருத்து பிறக்கிற இடத்தில் மொழிக் காவல் போட்டால் கருத்து பிறக்காது. முதலில் தமிழில் சண்டை போடட்டும். சூடு ஏறியதும் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். சூட்டோடு வருகிற ஆங்கிலத்தில் பிழை இருக்கும், உயிரும் இருக்கும்.

இரண்டாவது வேலை, பேசுகிறவருக்கு வலிக்கிற தலைப்பாகக் கொடுப்பது. மருத்துவமனையில் நோயாளியைப் பார்க்க வருகிற கூட்டத்தைத் தடுக்க வேண்டுமா? இதைக் கேட்டதும் ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கட்டாயம் தடுக்கணும் சார். வேன் வச்சுக்கிட்டு வர்றாங்க. பெட்டுலயே ஏறி உக்காந்துக்கறாங்க. வயித்துல ஆபரேஷன் ஆன ஆளுக்கு ஒருத்தர் பிரியாணி ஊட்டுறாரு. கேட்டா, ரெண்டு வாய்தாம்மாங்கறாரு!”

“அது பாசம் சிஸ்டர்” என்றான் சாகுல்.

“அந்தப் பாசத்துக்குத் தையல் யாரு மறுபடி போடறது, நீயா?”

“எங்க மாமா ஆஸ்பத்திரில கெடந்தப்ப ஊரே போயிப் பாத்துச்சு. ஒருத்தரும் வரலேன்னா, நாம செத்துட்டோம் போலருக்கு, யாரும் சொல்லலைன்னு நெனச்சிருப்பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை, அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. அந்த இடத்தில் நான் கையைத் தூக்கினேன். எங்கள் வகுப்பில் ஒரு விதி உண்டு. எதிராளி சொன்னதை முதலில் நீ எடுத்துச் சொல்ல வேண்டும். ‘ஆமாம், நான் சொன்னது இதுதான்’ என்று எதிராளி தலையாட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் உன் பதில்.

“சாகுல் என்ன சொன்னாரு? இப்ப இங்கிலீஷ்ல.”

ஜெசிந்தா திணறித் திணறிச் சொன்னார். தனியாகக் கிடக்கும் நோயாளிக்குப் பயம் வரும், மனிதர்களைப் பார்த்தால் தெம்பு வரும், அதுவும் ஒரு மருந்து என்கிறான் சாகுல். சாகுல் வாய் பிளந்து, “நான் இவ்ளோ நல்லாவா சொன்னேன்?” என்றான். பிறகு ஜெசிந்தா தன் பதிலைச் சொன்னார். மருந்து என்றால் அதற்கும் அளவு உண்டு, நேரம் உண்டு. அளவு மீறினால் எந்த மருந்தும் விஷம். அதனால் ஒரு நேரத்துக்கு இரண்டு பேர், அதுவும் கை கழுவிவிட்டு. வினைச்சொற்கள் எல்லாம் குப்புற விழுந்து கிடந்தன. நான் ஒன்றையும் திருத்தவில்லை. அன்றைக்குத் திருத்தியிருந்தால் அவரை மறுபடி ‘எஸ் சார்’ பக்கம் தள்ளிவிட்டிருப்பேன்.

இப்படியே வாரங்கள் போயின. இரண்டாவது நேர்காணலில் ஜெசிந்தாவிடம், டாக்டர் மருந்தின் அளவைத் தவறாக எழுதியிருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். கொடுக்க மாட்டேன், முதலில் அவரிடமே போய்க் கேட்பேன் என்றார். டாக்டர் கோபப்படுவாரே என்றார்கள். கோபம் என்மேல் வரட்டும், மருந்து நோயாளிமேல் போகக் கூடாது என்றார். தேர்வாகிவிட்டார். எங்கள் நிலையத்திலிருந்து இன்னும் நான்கு பெண்கள் தேர்வானார்கள். டைரக்டர் ஐந்து பேர் பெயரையும் துணியில் எழுதி மாடியிலிருந்து தொங்கவிட்டார். எனக்குக் கை கொடுத்து, “எருமை நல்லாத்தான் உழுதிருக்கு” என்றார்.

சிக்கல் அதற்கடுத்த வாரம் வந்தது. விசா வேலைக்காக ஐந்து பாஸ்போர்ட்களும் எங்கள் நிலையம் மூலமாகப் போய்த் திரும்பி, டைரக்டர் மேசையில் இருந்தன. ஏஜென்சிக்காரர் ஒப்பந்தத் தாள்களோடு வந்தார். கடைசித் தாளில் ஒரு வாசகம்: ஒப்பந்தம் முடியும்வரை என் பாஸ்போர்ட்டை ஏஜென்சியிடம் என் சொந்த விருப்பத்தின்பேரில் ஒப்படைத்து வைக்கிறேன். மற்ற நால்வரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஜெசிந்தா பேனாவை மூடி வைத்துவிட்டு, இது எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“கம்பெனி நடைமுறைம்மா.”

நடைமுறை என்பது காரணம் ஆகாது என்றார் ஜெசிந்தா.

ஏஜென்சிக்காரர் டைரக்டர் பக்கம் திரும்பினார். “நீங்க அனுப்புனது நர்சா, வக்கீலா?” சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு, அப்படிப் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டால் இடம் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“தம்பி, ஒரு எடம் போனா போவட்டும்னு விட்டுடலாம். ஆனா இந்த ஏஜென்சி போச்சுன்னா நம்ம கதை முடிஞ்சுது. அந்தப் பொண்ணுக்கும் இதுதான் கடைசி. வயசு தாண்டிரும், உனக்கே தெரியும். நீதான பேசக் கத்துக் குடுத்தே? நீயே பேசி முடி. நீ சொன்னா கேக்கும்.”

அவர் சொன்னதில் கடைசி வார்த்தைதான் என்னை உறுத்தியது. நான் சொன்னால் ஜெசிந்தா கேட்பார். அத்தனை வாரமும் அதை ஒழிக்கத்தானே வகுப்பு எடுத்தேன்?

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். மேலே இருப்பவர், பிள்ளைகள் உங்கள்மேல் வைத்திருக்கும் மரியாதையைக் கருவியாகக் கேட்பார். நான் ஒன்றைத் தீர்மானித்தேன். தனியாகக் கூப்பிட்டு ‘என் பேச்சைக் கேளுங்க’ என்று சொல்லப்போவதில்லை. வகுப்பு நடுவில், எல்லோரும் பார்க்க, எங்கள் விதிப்படி வாதாடுவேன். விட்டுக்கொடுத்தும் பேச மாட்டேன். அரைமனசாக வாதாடி அவரை ஜெயிக்கவைத்தால் அது அவருக்குச் செய்கிற துரோகம். பிறகு வருத்தப்படப்போவது நானல்ல.

சனிக்கிழமை காலை ஜெசிந்தாவோடு அவர் அம்மாவும் வந்திருந்தார். டைரக்டர்தான் ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார். கழுத்தில் ஜெபமாலை, கையில் மஞ்சள் பை. வந்ததும் வராததுமாக, “என்ன சார் சொல்லிக்குடுத்தீங்க எம்பொண்ணுக்கு?” என்று கேட்டார்.

“உக்காருங்கம்மா. இப்பத்தான் தெரியப்போவுது.”

ஜெசிந்தாவிடம் மறைக்காமல் சொன்னேன். உங்களைச் சம்மதிக்க வைக்கும்படி என்னை அனுப்பியிருக்கிறார்கள். என்னால் முடிந்த அளவு பலமாக வாதாடுவேன். நீங்கள் என்னை ஜெயித்தால், அப்படியே போய்ச் சொல்லிவிடுவேன். அவர் தலையாட்டினார்.

ஆங்கிலத்தில்தான் பேசினோம். இங்கே தமிழில் தருகிறேன். எத்தனையோ பேர் இதே மாதிரித் தாளில் கையெழுத்துப் போட்டுப் போய், நல்லபடியாகச் சம்பாதித்துத் திரும்பியிருக்கிறார்கள் என்றேன். பலர் தங்கும் அறையில் பாஸ்போர்ட்டை வைத்திருந்தால் தொலைந்துபோகும். ஆபீசில் இருப்பதே பத்திரம் என்றேன். பெரிய மருத்துவமனையில் நீங்கள் கற்றுக்கொள்ள நினைத்த வேலையெல்லாம் ஒரே ஒரு கையெழுத்துக்கு அந்தப் பக்கம் காத்திருக்கிறது என்றேன். கடைசியாக, கொஞ்சம் கொடுமையாகவே சொன்னேன்: இந்தக் கதவு மூடினால் உங்கள் வயதுக்கு வேறு கதவு திறக்காது.



ஜெசிந்தா என் வாதத்தை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். நான் தலையாட்ட வேண்டியதாயிற்று. ஒன்றையும் சுருக்கவில்லை, வளைக்கவில்லை. பிறகு பதில் சொன்னார்.

நல்லபடியாகத் திரும்பியவர்களைத்தான் சார் நாம் பார்க்கிறோம். திரும்ப முடியாதவர்கள் நம் கண்ணில் பட மாட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைப்பதுதான் நோக்கம் என்றால், அதை நானே விரும்பிக் கொடுத்ததாக எதற்கு எழுதி வாங்க வேண்டும்? என்றைக்காவது நான் திருப்பிக் கேட்பேன், அப்போது காட்டுவதற்குத்தானே அந்தத் தாள்? வயதைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அது நஷ்டம்தான். நஷ்டம் என்று தெரிந்தே சொல்கிறேன்.

அதோடு நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் சட்டென்று தமிழுக்கு மாறிவிட்டார்.

“டாக்டர் தப்பா எழுதுனா என்ன செய்வேன்னு கேட்டாங்க. மாட்டேன்னு சொல்லுவேன்னேன். அதுக்குத்தான் சார் என்னை எடுத்தாங்க. அங்க போயி ஒரு நாள் அப்படிச் சொல்ல வேண்டி வந்தா, சொல்லிட்டு வெளிய வர்றதுக்கு என் கையில பாஸ்போர்ட் வேணாமா? அது அவங்க பீரோல இருந்தா, நான் எப்படி சார் மாட்டேன்னு சொல்லுவேன்? பழையபடி எஸ் சார்தான்.”

என்னிடம் பதில் இல்லை. தேடினேன்; உண்மையாகவே தேடினேன்.

“என்னடி பேசுறீங்க ரெண்டு பேரும்?” என்றார் அம்மா. “கடைசியிலதான் கொஞ்சம் புரிஞ்சுது. மொதல்லேருந்து சொல்லு.”

ஜெசிந்தா முதலில் என் பக்கத்தைச் சொன்னார், பிறகு தன் பக்கத்தை. நடுவில் அம்மா என்னிடம் திரும்பி, “நீங்க சொன்னத ஒழுங்காச் சொல்றாளா சார்?” என்று கேட்டார்.

“நான் சொன்னதவிட நல்லாவே சொல்றாங்கம்மா.”

அம்மாவுக்குக் கோபம் அடங்கவில்லை. “பாதர் பூசையில பேரச் சொல்லி ஜெபம் பண்ணிட்டாரு. ஊரே வந்து விசாரிச்சிட்டுப் போயிருக்கு. இப்பப் போவலேன்னா நான் என்னான்னு சொல்றது?”

“நாளைக்குப் பூசை முடிஞ்சதும் நானே சொல்றேம்மா.”

“சொல்லுவ, சொல்லுவ. இப்பத்தான் பேசக் கத்துக்கிட்டேல்ல.”

டைரக்டர் அறைக்கு மூன்று பேருமாகப் போனோம். என்ன ஆயிற்று என்று கண்ணாலேயே கேட்டார்.

“நான் தோத்துட்டேன் சார்.”

“உன்னை ஜெயிக்கச் சொல்லில்ல அனுப்பினேன்?”

“நல்லா வாதாடித்தான் தோத்தேன். அவங்க சொன்னதுக்குப் பதில் இருந்தா நீங்க சொல்லுங்க.”

அவர் என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் பேசினார். மேசை இழுப்பறையைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட பாஸ்போர்ட் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். “பாருங்கம்மா, எவ்ளோ பத்திரமா வச்சிருக்கோம். யாராவது திங்கப்போறாங்களா? நீங்க பெரியவங்க, நீங்க சொல்லுங்க.”

ஜெசிந்தா என் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்று கேட்டார். முடியாது, ஏஜென்சிக்காரர் திங்கட்கிழமை வருகிறார், அவரிடம் கேள் என்றார் டைரக்டர். ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த அறையில் டைரக்டர் சொல்லாமல் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. “திங்கக்கிழமை வரைக்கும் இங்கயே இருக்கேன் சார்” என்றார். சத்தம் போடவில்லை.

அம்மா மஞ்சள் பையைத் தரையில் வைத்தார். கட்டை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு பாஸ்போர்ட்டாகத் திறந்து, படம் இருக்கும் பக்கம் வரும்வரை புரட்டி, முகத்தைப் பார்த்து, மூடி மேசைமேல் வைத்தார்.

“அம்மா, அதத் தொடாதீங்க. அது ஏஜென்சி பொருள்.”

“எம்பொண்ணு மூஞ்சி போட்டிருக்கு. ஏஜென்சி பொருளுங்கறீங்களே?”

நான்காவதாக ஜெசிந்தாவின் முகம் வந்தது. எடுத்து மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டார். மகளைப் பார்த்து, “எந்திரிடி. பஸ்ஸு போயிடும்” என்றார். அந்தக் குரலில் சமாதானம் ஒன்றும் இல்லை. மகள்மேல் இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது.

அவர்கள் படி இறங்கியதும் டைரக்டர் என்னிடம், இனி வர வேண்டாம் என்றார். சரி என்று சொல்லாமல், “நீங்க செய்யறது தப்பு சார்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கீழே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் போய், மற்ற நான்கு பெண்களின் வீடுகளுக்கும் பேசினேன். கையெழுத்துப் போட்டது சரி என்றோ தப்பு என்றோ சொல்லவில்லை. ஜெசிந்தா என்ன கேட்டார், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதை மட்டும் சொன்னேன். இரண்டு பேர் திங்கட்கிழமை வந்து தங்கள் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேர் யோசித்துப் பார்த்து, போவதுதான் சரி என்று போனார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். யோசித்துவிட்டுத்தானே போனார்கள்.

இப்போது வேறொரு இடத்தில் நானே வகுப்பு நடத்துகிறேன். வாசலில் எந்தப் பலகையும் கிடையாது. பேசக் கற்றுக்கொடுத்து ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தவன் என்று என்னைப் பற்றி இந்த ஊரில் சொல்பவர்கள் உண்டு. உங்கள் காதிலும் விழுந்திருக்கும். என்னிடம் நேரில் வந்து சொல்லச் சொல்லுங்கள்; உட்காரவைத்துப் பேசுகிறேன்.

ஜெசிந்தா வெளிநாடு போகவில்லை. வயது தாண்டிவிட்டது. இப்போதும் தஞ்சாவூரிலேயேதான் வேலை. கொஞ்ச நாளைக்கு முன்னால் திருவாரூர் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்தேன். போனவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்று விசாரித்தேன். ஒருத்தி நன்றாக இருக்கிறாள், போட்டோ அனுப்பியிருக்கிறாள். இன்னொருத்தியிடமிருந்து சேதியே இல்லை என்றார்.

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். “போவலையேன்னு வருத்தமா இருக்கா?”

“இல்லாம இருக்குமா சார்? அந்தப் போட்டோவப் பாத்துட்டு அன்னைக்கெல்லாம் சாப்பிடல.”

“அப்ப அன்னைக்கு நான் சொன்னதுல கொஞ்சம் நியாயம் இருந்துச்சுன்னு…”

பேருந்து வந்துவிட்டது. கூட்டத்தோடு படியில் ஏறிவிட்டு, கம்பியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்.

“வருத்தம் வேற சார், கையெழுத்து வேற.”